சும்மா நிக்கிற ஆளு

ஆப்பு அக்காவை நான் முதல் தடவை பாத்தப்போ அவங்க ஒரு ஆளோட காதைப் பிடிச்சு முறுக்கிட்டு இருந்தாங்க. அந்த ஆளு அவங்களை விட ரெண்டு மடங்கு பெருசு. கம்பி வளைக்கிறவரு. வளைக்கிறவரே வளைஞ்சு நின்னாரு.

"இனிமே சித்தாள் பொண்ணுங்க போற வழியில காலை நீட்டுவியா?"

"நீட்ட மாட்டேன்க்கா."

"எந்தக் காலை?"

"ரெண்டையும்க்கா."

அப்பத்தான் விட்டாங்க. விட்டுட்டு, ஒண்ணுமே நடக்காத மாதிரி பாண்டு சட்டியைத் தலையில தூக்கி வச்சுக்கிட்டுப் போயிட்டாங்க. நான் அந்த சைட்ல ஸ்டோர் பாக்குறேன். சிமெண்ட் மூட்டை, கம்பி, ஆணி, கையுறை எல்லாம் என் தகரக் கொட்டகை வழியாத்தான் போகும். கொட்டகை வாசல்ல நின்னா மொத்த சைட்டும் தெரியும். அதனால இதுல பாதி நான் கண்ணால பாத்தது. மீதி அவங்க தம்பியும் கலவை மிஷின்காரரும் சொன்னது. அக்கா கிட்ட கேட்டா, முக்கால்வாசி நேரம் "அதெல்லாம் எதுக்கு, வேலையைப் பாரு"ன்னு தான் சொல்லுவாங்க. எனக்கு எழுதாம இருக்க முடியல. அவ்வளவு தான்.

முதல்ல பேரு. தளம் போடுறப்போ மேல பலகை அடிச்சு, அதைத் தாங்க கீழ வரிசையா முட்டுக் கொடுப்பாங்க. ஒவ்வொரு முட்டுக்கு அடியிலயும் இறுக்கமா நிக்கிறதுக்கு மரத்துல ஆப்பு அடிப்பாங்க. அக்காவோட தம்பிக்கு அந்த முட்டு வேலை. அக்கா போற வர்ற இடத்துல கிடக்கிற துண்டு மரத்தையெல்லாம் பொறுக்கி, மத்தியானம் சாப்பிட்ட கையோட உக்காந்து செதுக்கி, தம்பிக்கு ஆப்பு பண்ணிக் கொடுப்பாங்க. இடுப்புல எப்பவும் ரெண்டு சொருகி இருக்கும். "அக்கா, இன்னைக்கு யாருக்கு ஆப்பு?"ன்னு கேக்காத ஆளு கிடையாது. பேரு அப்படியே ஒட்டிக்கிச்சு.

தம்பிக்கு ஒட்டடைக்குச்சின்னு பேரு. ஆளு அவ்வளவு உயரம், அவ்வளவு ஒல்லி. போதாததுக்கு, வேலை அப்படிங்கிறதால எப்பவும் கூரையையே பாத்துக்கிட்டு நடப்பான். பஸ் டிப்போக்குப் பின்னாடி ஒரு தகர ரூம்ல அக்காவும் அவனும் இருக்காங்க. ரூம் நீளம் அவனுக்குப் பத்தாது. படுத்தா பாதம் ரெண்டும் வாசலுக்கு வெளிய நிக்கும். பக்கத்து வீட்டு அம்மா ஒரு நாள் அதுல ஈரத்துணியைக் காயப் போட்டுட்டாங்களாம். தூக்கத்துல இவனுக்குத் தெரியவே இல்ல.

அக்காவோட கதையில அடி தான் அதிகம். அப்பா அம்மா போனப்புறம் சித்தப்பா வீட்டுல வளர்ந்தாங்க. சித்தப்பா பெல்ட்டால அடிப்பாரு. கல்யாணம் பண்ணிக் கொடுத்த இடத்துல புருஷன் எது கைக்குக் கிடைக்குதோ அதால அடிப்பாரு. ஒரு நாள் ஒட்டடையைக் கரண்டியால அடிச்சாரு. அப்போ அவன் சின்னப் பையன், அக்கா கூடவே இருந்தான். கரண்டி ஓங்கின கையை அக்கா கடிச்சாங்க. தோல் வாயில வர்ற வரைக்கும் விடல. வாயைத் துடைச்சுக்கிட்டு, தம்பி கையைப் பிடிச்சுக்கிட்டு வெளிய வந்தவங்க தான். "அடி வாங்குறதுல நான் டிகிரி முடிச்சவ"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லுவாங்க. கேக்குற நமக்குத் தான் சிரிப்பு வராது.

இப்போ ஓஸ் சார்.

எங்க சூப்பர்வைசர். தண்ணி பிடிக்கிற ரப்பர் ஓஸ்ல ஒரு கை நீளத்துக்கு வெட்டி எப்பவும் கையில வச்சிருப்பாரு. நின்னா அடி. குனிஞ்சு முதுகைச் சொறிஞ்சா அடி. டீ கிளாஸை வைக்க நேரமானா அடி. "நிக்கிற ஆளு நஷ்டம்" இது தான் அவரோட வேதம். சைட்டுக்குள்ள நுழைஞ்சதும் யாரு அசையாம இருக்காங்கன்னு தான் கண்ணு தேடும். அவரும் ஒரு காலத்துல சட்டி தூக்கினவரு தான். முதுகுல பழைய தழும்பு இருக்குன்னு சொல்லுவாங்க. அடிச்சாத்தான் வேலை நடக்கும்னு அவருக்கு யாரோ அடிச்சே சொல்லிக் கொடுத்திருக்காங்க. முதலாளிக்கு அவரைப் பிடிக்கும். இன்ஜினியருக்கு வேற ரெண்டு சைட் இருந்துச்சு, அதனால அவருக்கும் பிடிக்கும்.

எங்க சைட்ல ஒரு வழக்கம் உண்டு. இதை நல்லா மனசுல வச்சுக்கோங்க. அங்க மழை வந்தாலும் வேலை நிக்காது. கம்பி கால்ல ஏறினாலும் நிக்காது, ஆளைத் தூக்கி ஓரமா உக்கார வச்சுட்டு வேலை ஓடும். சண்டை வந்தா மட்டும் நிக்கும். யாராவது ரெண்டு பேர் சட்டையைப் பிடிச்சுட்டா போதும், மேல இருக்கிறவன் கீழ இருக்கிறவன் எல்லாரும் போட்டது போட்டபடி ஓடி வந்துருவாங்க. டைல்ஸ்காரருக்கும் பிளம்பருக்கும் ஒரு வாளிக்குச் சண்டை வந்தப்போ, சாரத்துல தொங்கிக்கிட்டு இருந்த பூச்சு ஆளு கூட சறுக்கிக்கிட்டு இறங்கி வந்தாரு. ஓஸ் சாரும் கூட்டத்துல நின்னு பாப்பாரு. முதல்ல நல்லா ரசிப்பாரு. ஒருத்தன் விழுந்தப்புறம் ரெண்டு பேரையும் அடிப்பாரு. நாள் முழுக்க அடி வாங்கிக்கிட்டே ஓடுறவங்களுக்கு வேற யாரோ அடி வாங்குறதைப் பாக்குற அந்த நேரம் தான் ரெஸ்ட். எனக்கு இது அப்போ புரியல, இப்போ புரியுது.

இன்னும் ஒரே ஒருத்தரைச் சொல்லணும். உதறல் அண்ணன்.

அவரு வைப்ரேட்டர் பிடிக்கிறவரு. கொட்டின கலவைக்குள்ள அந்த நீளமான குழாயை இறக்கி அதிர வைக்கணும், அப்போ தான் கலவை கம்பிக்கு நடுவுல போய் உக்காரும். வருஷக்கணக்கா அதைப் பிடிச்சுப் பிடிச்சு அவருக்கு மிஷின் ஓடாதப்பவும் கை ஆடும். காதும் போயிடுச்சு. நாம கத்தணும், அவரும் கத்துவாரு. "எனக்கு டீயில சக்கரையைப் போட்டா போதும்! கலக்க வேணாம்! அதுவா கலந்துக்கும்!"னு கிளாஸைத் தூக்கிக் காட்டுவாரு. சைட்ல யாரையும் திட்டாத ஒரே ஆளு. ஒட்டடையைப் பாத்தா "என்ன மாப்ள, மேல மழை பெய்யுதா?"ன்னு கேப்பாரு.

சரி, அந்த நாளுக்கு வர்றேன்.

மூணாவது மாடித் தளம் போடுற நாள். காலையிலேயே எல்லாம் கோணல். முந்தின நாள் ஓஸ் சார் மூணு சித்தாளுங்களை முதுகு வீங்க அடிச்சிருந்தாரு, அந்த மூணு பேரும் வரல. கலவை மிஷின் பெல்ட் அறுந்து ரொம்ப நேரம் கிடந்துச்சு. தளம் போட ஆரம்பிச்சா நடுவுல விட முடியாது, விட்டா அந்த இடத்துல ஒட்டாது. ஆளு குறைச்சல், நேரம் குறைச்சல். முதலாளி போன் மேல போன். ஓஸ் சார் கண்ணு சிவந்துடுச்சு.

அப்போ அவரு ரெண்டாவது மாடிக்கு வந்தாரு. அங்க ஒட்டடை கையில சுத்தியை வச்சுக்கிட்டு, மேல பாத்துக்கிட்டு, சும்மா நின்னான்.

சும்மா நிக்கிறது தான் அவன் வேலை! மேல கலவை விழ விழ கீழ முட்டு எல்லாத்தையும் ஒருத்தன் பாத்துக்கிட்டே இருக்கணும். எது தளருதோ அதோட ஆப்பைத் தட்டி இறுக்கணும். தண்ணித் தொட்டி ஓரமா ஒரு வரிசை அன்னைக்குக் காலையிலேர்ந்தே அவனைப் படுத்திக்கிட்டு இருந்துச்சு. தொட்டி கசிஞ்சு, ஊறிப்போன பலகை மேல அந்த முட்டுங்க நின்னுச்சு. தட்டினா நிக்கும், கொஞ்ச நேரத்துல தளரும், மறுபடி தட்டுவான். ஓஸ் சாருக்கு இது தெரியாதா? தெரியும். நல்லாவே தெரியும். ஆனா அன்னைக்கு அவரு கண்ணுக்கு முட்டு தெரியல, நிக்கிற ஆளு தான் தெரிஞ்சாரு.

"மேல ஆளு இல்லாம நாறுது, நீ இங்க கூரையைப் பாத்து ஜோசியம் சொல்றியா?"

"சார், அந்த வரிசை உக்காருது சார்..."

ஓஸ் முகத்துல விழுந்துச்சு. அடுத்தது கழுத்துல. அடுத்தது, தடுத்த கையில. அவனை நாலு படிக்கு ஒரு அடியா விரட்டிக்கிட்டே மேல கொண்டு போய் தள்ளுவண்டியில கட்டிப் போட்ட மாதிரி நிறுத்திட்டாரு. "இழுடா."

அக்கா அப்போ கீழ கலவை மிஷின் பக்கத்துல சட்டி நிரப்பிக்கிட்டு இருந்தாங்க. அண்ணாந்து பாத்தா மேல தளத்து விளிம்புல தம்பி தலை தெரியுது. அவன் தலை அங்க தெரியக் கூடாது. அவன் தலை தெரிஞ்சா கீழ யாரும் இல்லைன்னு அர்த்தம். சட்டியை அப்படியே கவுத்துட்டு ஓடினாங்க. ரெண்டாவது மாடிக்குப் போய் நேரா தொட்டி ஓரம்.

ஒரு ஆப்பு கழண்டு தரையில கிடந்துச்சு. முட்டு தொங்குது. காலால தள்ளினா ஆடுது. மேல பலகை வயிறு தள்ளிக்கிட்டு நிக்குது, இடுக்குல இருந்து சிமெண்ட் பால் சொட்டுது. அக்கா இடுப்புல இருந்த ரெண்டு ஆப்பையும் உருவி, தம்பி போட்டுட்டுப் போன சுத்தியால அடிச்சாங்க. அடிச்சது அடிச்சபடி உள்ள போகுது, இறுக்கமே இல்ல. பக்கத்து முட்டும் லேசா முனகுச்சாம். "மரம் முனகுறது எனக்குத் தெரியும், மனுஷங்க முனகுற மாதிரியே தான் இருக்கும்"னாங்க.

சுத்தியோட வெளிய வந்து மேல பாத்துக் கத்தினாங்க. "நிறுத்துங்க! இறங்குங்க!" மிஷின் சத்தத்துல யாருக்குக் கேக்கும்? ஓடி வந்து மிஷின்காரர் கையைப் பிடிச்சாங்க.

"அண்ணே, நிறுத்துண்ணே, முட்டு போகுது!"

"சார் சொல்லாம நிறுத்தினா எனக்கு ஓஸ் அடி விழும்மா. நீ போய் அவர்கிட்ட சொல்லு."

சொன்னாங்க. ஓஸ் சார் அப்போ தான் கீழ இறங்கி வந்துக்கிட்டு இருந்தாரு. அவங்க முட்டுன்னு வாயைத் திறந்ததும் முதுகுல பளீர்னு ஒண்ணு விழுந்துச்சு. "அக்காளும் தம்பியும் சேர்ந்து வேலையைக் கெடுக்குறீங்களா? சட்டியைத் தூக்குடி."

நான் ஸ்டோர் வாசல்ல நின்னு பாக்குறேன். அடி வாங்கினவங்க அப்படியே அண்ணாந்து மேல பாத்தாங்க. தளம் நிறைய ஆளு. நடுவுல தம்பி வண்டியை இழுத்துக்கிட்டுப் போறான். ஓரத்துல உதறல் அண்ணன் குனிஞ்சு குழாயை இறக்குறாரு. அப்புறம் மெதுவா குனிஞ்சு காலி சட்டியைக் கையில எடுத்தாங்க. சரி, பயந்துட்டாங்க, வேலைக்குப் போறாங்கன்னு நினைச்சேன்.

அந்தச் சட்டியோட விளிம்பால ஓஸ் சார் மூஞ்சியில அடிச்சாங்க பாருங்க.

அந்தச் சத்தம் இன்னும் என் காதுல இருக்கு. மூக்கு உடைஞ்சு ரத்தம் சட்டையில கொட்டுச்சு. அவரு கையைத் தூக்குறதுக்குள்ள அக்காவோட மறு கையில இருந்த சுத்தி தோள்ல இறங்குச்சு. எலும்பு உடைஞ்சது எனக்கே கேட்டுச்சு. அவரு விழுந்தாரு. அவரு கையில இருந்த ஓஸைப் பிடுங்கி அவரையே விளாசிக்கிட்டு, தொண்டை கிழியக் கத்துறாங்க. "வாங்கடா! எல்லாரும் வாங்கடா! வந்து பாருங்கடா, உங்க சார் விழுந்து கிடக்கிறதை!"

"டேய்! ஆப்பு சாரை அடிச்சுட்டாடா!"

அவ்வளவு தான். மேல இருந்து ஆளுங்க இறங்க ஆரம்பிச்சாங்க. வண்டி, சட்டி, மண்வெட்டி எல்லாம் போட்டது போட்டபடி. படியில இடிச்சுக்கிட்டு, சாரத்துல சறுக்கி. மிஷின்காரர் மிஷினை விட்டுட்டு வந்து அவங்க கையைப் பிடிச்சாரு. அவரு முன்கையில கடி விழுந்துச்சு. மேஸ்திரி வந்தாரு, அவரு கண்ணுல மணலை வாரி அடிச்சாங்க. ஒவ்வொருத்தரையா அடிச்சுக்கிட்டே பின்னாடி நகர்றாங்க. கேட்டைப் பாத்து நகர்றாங்க. அப்போ யாரும் அதைக் கவனிக்கல, நானும் தான். கூட்டம் மொத்தமும் அவங்க பின்னாடியே கட்டடத்தை விட்டு வெளிய வருது. எதிர்ல இருக்கிற டயர் கடைக்காரங்க கூட வாசலுக்கு வந்துட்டாங்க.

ஒட்டடை கூட்டத்தைப் பிளந்துக்கிட்டு வந்தான். "அக்கா! அக்காவை விடுங்கடா!" அக்கா அவனையும் அறைஞ்சாங்க. அறைஞ்ச கையாலேயே சட்டைக் காலரைப் பிடிச்சு ரோட்டுக்கு இழுத்தாங்க. அதுக்குள்ள அடி அவங்க மேல மழையா விழுது. நேத்து வரைக்கும் அக்கா அக்கான்னு கூப்பிட்டவங்க தான். ஓஸ் சார் மேல காட்ட முடியாத கோவத்தையெல்லாம் அவங்க மேல இறக்கினாங்க. யாரோ மண்வெட்டிக் காம்பை வீசினாங்க. அக்காவோட இடது மணிக்கட்டு மடங்குச்சு. அவங்க கீழ விழுந்து, தம்பி மேல படுத்துக்கிட்டாங்க.

அப்போ ஒரு சத்தம். கனமான துணியை யாரோ நிதானமா கிழிக்கிற மாதிரி. எல்லாரும் திரும்பினாங்க. தொட்டிப் பக்கம் தளம் ஒரு மூலையில தலை சாஞ்சுச்சு, அப்புறம் மொத்தமும். கம்பி, பலகை, ஈரக் கலவை, தள்ளுவண்டி எல்லாம் கீழ் மாடி மேல. தூசி ரோடு வரைக்கும் வந்து எங்க வாய்க்குள்ள புகுந்துச்சு.

அடிக்கத் தூக்கின கை தூக்கினபடியே நின்னுச்சு. ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. ஓஸ் சாரைக் கூட யாரோ இழுத்துட்டு வந்திருக்காங்க, எல்லாரும் ரோட்டுல இருக்கோம். எல்லாரும் இருக்கோம் இல்ல?

அப்போ தான் கேட்டுச்சு. இடிபாட்டுக்குள்ள இருந்து "உர்ர்ர்"னு. வைப்ரேட்டர் ஓடிக்கிட்டு இருக்கு.

உதறல் அண்ணனுக்குச் சண்டை கேக்கவே இல்ல. குனிஞ்சவரு நிமிரவே இல்ல.

மடங்கின கையோட முதல்ல ஓடினது ஆப்பு அக்கா தான். ஒத்தைக் கையால கலவையை வாரினாங்க. பின்னாடியே அவங்களை அடிச்ச எல்லாரும் ஓடினாங்க. "அண்ணே! அண்ணே!"ன்னு கத்திக்கிட்டே தோண்டினாங்க. உயிரோட இருந்தப்பவே கேக்காதவரு. மிஷின் திணறி நின்னப்போ தான் அவரு கையைப் பிடிச்சு வெளிய இழுத்தோம். அந்தக் கை ஆடல. முதல் தடவையா ஆடாம இருந்துச்சு. இதை டைப் பண்ணும்போது எனக்குக் கண்ணு தெரியல, ஒரு நிமிஷம் எந்திரிச்சுப் போயிட்டு வந்து தான் எழுதறேன்.

அக்கா ஆஸ்பத்திரியில இருந்தப்போ எல்லாரும் பாக்கப் போனாங்க. அடிச்சவங்க எல்லாம் சுவத்தோரமா வரிசையா நின்னாங்க. அக்கா முகம் வீங்கி ஒரு கண்ணு மூடியே கிடந்துச்சு. கடைசியா மிஷின்காரர் தான் கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினாரு.

"நீ கடிச்சதுக்கு ஊசி போட்டுக்கிட்டேன்மா."

"நாய்க்கடி ஊசியாண்ணே?"

"பின்ன?"

ரூமே சிரிச்சுச்சு. சிரிச்சுக்கிட்டே இருந்த அக்கா திடீர்னு தேம்ப ஆரம்பிச்சுட்டாங்க. "எல்லாரும் வருவாங்கன்னு நினைச்சேன்ணே. சண்டைன்னா எல்லாரும் வருவீங்கல்ல? அவருக்குக் கேக்காதுன்னு எனக்குத் தோணவே இல்லண்ணே."

அப்போ தான் எங்களுக்குப் புரிஞ்சுச்சு. நிறுத்துன்னு கத்தினா நிக்காத சைட்டை, அதுக்குத் தெரிஞ்ச ஒரே வழியில நிறுத்தியிருக்காங்க. பின்னாடி ஒரு தடவை நான் கேட்டேன், "அக்கா, அன்னைக்குக் கோவத்துல அடிச்சீங்களா, யோசிச்சு அடிச்சீங்களா?" "முதல் அடி யோசிச்சது. அப்புறம் விழுந்தது எல்லாம் சித்தப்பாவுக்கும் புருஷனுக்கும் சேர்த்து"ன்னாங்க.

ஓஸ் சார் போலீஸ்ல அடிதடின்னு புகார் கொடுத்தாரு. சைட்ல ஒருத்தர் விடாம ஸ்டேஷனுக்குப் போய் நடந்ததைச் சொன்னாங்க. அதுக்கப்புறம் அவரு எங்க பக்கம் வரல. வேற ஊர்ல எங்கயோ இருக்காராம், தோளு இன்னும் சரியா தூக்க வரலையாம்.

இடிஞ்சதை வாரி முடிச்சு, மறுபடி தளம் போட ஆளைக் கூப்பிட்டா ஒருத்தரும் மேல ஏறல. முதலாளி புது சூப்பர்வைசரைக் கொண்டு வந்து நிறுத்தினாரு. சட்டை மடிப்பு கலையாத ஆளு. எல்லாரும் அவரைச் சுத்தி நின்னு பாத்தாங்க, அவ்வளவு தான், ஒரு சட்டி நகரல. மேஸ்திரி சொன்னாரு, "கீழ அது நின்னா நாங்க மேல நிப்போம்." அது யாருன்னு முதலாளி கேக்க வேண்டிய அவசியமே இல்ல.

அப்படித்தான் மணிக்கட்டு கோணலா சேர்ந்த கையோட ஆப்பு அக்கா எங்க சூப்பர்வைசர் ஆனாங்க.

முதல் நாள் அவங்க பண்ண வேலை கயிறு வாங்கினது. ஒரு முனை கீழ முட்டு பாக்குற ஆளு கையில. மறு முனை மேல வைப்ரேட்டர் பிடிக்கிறவரு இடுப்புல. காது கேக்கலன்னாலும் இடுப்புக்குத் தெரியும்ல? கயிறு அறுக்காம இருக்க இடுப்பைச் சுத்தி ஒரு ரப்பர் குழாய்க்குள்ள அதை விட்டிருக்காங்க. எந்த ரப்பர் குழாய்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

கீழ இருக்கிறவன் கயிறை இழுத்தா மிஷின் நிக்கணும், ஆளு இறங்கணும். ஏன் எதுக்குன்னு இறங்கினப்புறம் தான் கேக்கணும். இது ஒண்ணு தான் சட்டம். ஆரம்பத்துல சும்மா சும்மா இழுத்தாங்க. ஒருத்தன் பல்லி விழுந்துச்சுன்னு இழுத்தான். ஒருத்தன் ஒண்ணுக்கு வருதுன்னு இழுத்தான். முதலாளி தலையில கை வச்சுக்கிட்டாரு.

"இப்படி நிறுத்திக்கிட்டே இருந்தா கட்டடம் எப்போம்மா முடியும்?"

"பல்லிக்கு நிறுத்துறவன் தான் சார் நாளைக்கு ஆப்புக்கும் நிறுத்துவான். இன்னைக்கு அவனைத் திட்டினா நாளைக்கு வாயை மூடிக்குவான்."

நம்புங்க, வேலை முன்னாடியை விட வேகமா ஓடுச்சு! அடி வாங்கி வராம போற ஆளு இல்ல. தப்பா கட்டின கம்பியை மறைச்சுப் பூசுறவன் இல்ல, "அக்கா, நான் சொதப்பிட்டேன்"னு அன்னைக்கே வந்து நின்னான். உடைச்சுக் கட்டுற வேலை குறைஞ்சு போச்சு. சண்டைக்குக் கூடுற கூட்டமும் குறைஞ்சுச்சு, ஏன்னா டீக்கு நிஜமாவே நேரம் கிடைச்சுச்சு.

அதுக்காக அக்காவைத் தெய்வம்னு நினைச்சுக்காதீங்க. போன வாரம் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன்.

கடைசி மாடித் தளம். கையுறை கொடுக்கப் போன நான் படியில நின்னேன், அங்கேர்ந்து மேலயும் கீழயும் தெரியும். வைப்ரேட்டருக்குப் புதுசா ஒருத்தன், ஜிம்முன்னு கூப்பிடுவோம், கை அவ்வளவு தடிமன். கயிறு காலைத் தடுக்குதுன்னு அவுத்துச் சாரத்துல கட்டிட்டான். கீழ ஒட்டடை வழக்கமா இழுத்துப் பாப்பான், இழுத்தா மறுபக்கம் ஆளோட அசைவு தெரியும். அன்னைக்குக் கம்பத்துல கட்டின மாதிரி அசையவே இல்ல. "அக்கா, கயிறு செத்துடுச்சு"ன்னான்.

அக்கா மிஷின்காரரை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டிட்டு, படியை ரெண்டு ரெண்டா தாவி ஏறினாங்க. ஏறின வேகத்துலேயே ஜிம்மு கன்னத்துல ஒரு அறை. அவன் கையிலேர்ந்து வைப்ரேட்டர் நழுவி நின்னுச்சு. ஒரு நொடி தான். அவனும் திருப்பி அறைஞ்சான். நல்லா, முழு கையால. அக்கா தலை திரும்பிடுச்சு, உதட்டுல ரத்தம்.

அவ்வளவு தான், மறுபடி ஆரம்பிச்சுருச்சுன்னு நினைச்சேன். மேல இருந்தவங்க எல்லாம் அசையாம பாக்குறாங்க. கீழ இருந்து ஒட்டடை குரல் வருது. "அக்கா! சத்தம் கேட்டுச்சு! அடிச்சானா? நான் வரவா?"

அக்கா ஜிம்முவையே பாத்துக்கிட்டு, கீழ பாத்துக் கத்தினாங்க. "நீ அங்கேயே நில்லுடா! முட்டை விட்டு அசைஞ்சேன்னா காலை உடைச்சுருவேன்!"

ஒட்டடை அசையல. இதைத் தான் என்னால மறக்கவே முடியல. அக்காவை ஒருத்தன் அடிச்சிருக்கான்னு தெரிஞ்சும், சுத்தியை இறுக்கிப் பிடிச்சு, பல்லைக் கடிச்சுக்கிட்டு, கூரையைப் பாத்தபடி அங்கேயே நின்னான்.

அக்கா உதட்டைப் புறங்கையால துடைச்சாங்க.

"நான் ஒண்ணு கொடுத்தேன், நீ ஒண்ணு கொடுத்த. நான் கை நீட்டினது தப்பு, உனக்கு அது பாக்கி இருந்துச்சு, முடிஞ்சுது. இப்போ கயிறைக் கட்டு."

ஜிம்மு கையைப் பாத்துக்கிட்டு நின்னான். அடிச்ச கை அவனுக்கே பயமா இருந்திருக்கும். "எனக்குக் காது நல்லா கேக்கும்க்கா"ன்னான், பாதி அழுகையில.

"மிஷினை ஓட விட்டுட்டுச் சொல்லு."

அப்புறம் அவன் கட்டுற வரைக்கும் காத்திருக்காம அவங்களே குனிஞ்சு, கோணல் கையால கயிறைக் குழாய்க்குள்ள விட்டு, அவன் இடுப்பைச் சுத்தி முடிச்சுப் போட்டாங்க. ரெண்டு முடிச்சு. இழுத்துப் பாத்தாங்க.

"டேய் ஒட்டடை! இப்போ இழு!"

கீழ இருந்து ஒரு இழுப்பு. அவ்வளவு பெரிய உடம்பு ஒரு அடி தள்ளாடி நின்னுச்சு. யாரோ சிரிச்சாங்க. அக்கா இறங்கிப் போய் மிஷின்காரருக்குக் கையைக் காட்டினாங்க, கலவை மறுபடி மேல வர ஆரம்பிச்சுச்சு.